இரண்டாவது டிஸ்க்

குற்றாலிங்கம் அண்ணாச்சி சொன்னதைப் பதினொரு வருடங்களாக நான் முழுசாக நம்பியதில்லை. நம்பாமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு பேச்சை நம்பாமலேயே அதை வைத்துக்கொண்டு சௌகரியமாகக் காலம் தள்ள முடியும் என்று கண்டுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவர் சொன்னது இரண்டே விஷயம். வீட்டு வரைபடத்தில் தண்ணீர் டேங்க்கை இடம் மாற்றிப் போட்டது தான்தான் என்றார். அந்த டிராயிங் இருந்த டிஸ்க் போய்விட்டது, கம்ப்யூட்டர் அதைக் காட்டவே மாட்டேன் என்கிறது என்றார். நகராட்சி விசாரணையில் இதைச் சொன்னார், போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார், என்னிடமும் அதே சொற்களில் ஒன்று கூடாமல் குறையாமல் சொன்னார். கூடாமல் குறையாமல் சொன்னதுதான் என் சந்தேகத்தின் ஆரம்பம். அண்ணாச்சி எதையும் இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்கிறவர் இல்லை. அருவியில் குளித்துவிட்டு வந்த கதையைக்கூடக் காலையில் ஐந்தருவி என்பார், சாயங்காலம் பழைய அருவி என்பார், கேட்டால் தண்ணி ஒண்ணுதானப்பா என்பார். அப்படிப்பட்டவர் இந்த இரண்டு வரியை மட்டும் தாளில் அச்சடித்ததுபோல வைத்திருந்தார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் கேட்கவில்லை. கவனித்ததைக் கேட்காமல் இருப்பதற்கு நல்ல குணம் என்று பெயர் வைத்துக்கொள்ள ஐம்பது வயதுக்காரனுக்குச் சிரமம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி கோமு பரணைக் காலி செய்யத் தொடங்கினாள். பழைய சாமான்காரர் ஐந்து மணிக்கு வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். உடைந்த டேபிள் ஃபேன், இரண்டு சைக்கிள் டயர், மகள் படித்த காலத்துப் புத்தகக் கட்டு, அவற்றுக்குப் பின்னால் போர்வை சுற்றிய கம்ப்யூட்டர். எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பது அவள் பழக்கம். ஸ்டூலின் மேல் நின்றபடி பார்த்தாள். "இதையும் போட்டிரவா?" என்றாள். "அது கிடக்கட்டும்" என்றேன். "பதினோரு வருசமா கிடக்கு. இன்னும் எத்தன வருசம் கிடக்கணும்னு சொல்லிட்டியள்னா, அதுக்கு ஏத்த மாதிரி வேற போர்வ வாங்கிச் சுத்தி வச்சிருவேன்." "ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்." "அஞ்சு மணிக்குள்ள பாத்திருங்க. நீங்க யோசிச்சு முடிக்க வரைக்கும் அவரு வண்டியோட நிக்க மாட்டாரு." வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆனி மாதத்துத் தென்காசிச் சாரல், விழுகிறதா நிற்கிறதா என்று தெரியாத சாரல். கம்ப்யூட்டரை இறக்கி முன் அறை மேசையில் வைத்தபோது, அது இத்தனை வருடமும் நான் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே இருந்திருக்கிறது என்று தோன்றியது. அதாவது மெய் பொய் பார்க்க வேண்டிய சாட்சி எங்கேயோ தொலைந்து போயிருக்கவில்லை. நான் மல்லாந்து படுத்தால் பார்வை போகும் இடத்தில்தான் இருந்தது. அதன் மூடியில் ஆறு திருகாணி. அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் நடுவில் இருந்தது.

ஒயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். காற்றாடி முதலில் முனகியது, பிறகு ஓட்டம் பிடித்தது, ஈரத்தூசி சூடேறும் வாசனை வந்தது. அந்த வாசனையோடு முன் அறையே பழைய முன் அறையாகிவிட்டது. இதே மேசையில்தான் நானும் அண்ணாச்சியும் வீட்டு வரைபடங்கள் போட்டோம். லைசென்சும் ரப்பர் ஸ்டாம்பும் அவருடையவை. அறை என்னுடையது. கம்ப்யூட்டர் இருவருக்கும் ஒன்று. காலையில் நான், சாயங்காலம் அவர், அவசரம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு இருவரும். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் விண்டோஸும் மற்ற சாமான்களும் இருந்தன, அது சி. மற்றதில் டிராயிங்குகள் மட்டும், அது டி. தனியாக வைத்தது அண்ணாச்சியின் யோசனை. "சமையக்கட்டுல படுக்கையப் போடக் கூடாதுல்லா" என்பார். திரை வெளுத்து, நீலமாகி, எல்லாம் வந்து நின்றது. மை கம்ப்யூட்டரைத் திறந்தேன். சி மட்டும் இருந்தது. டி இல்லை. எனக்கு உள்ளே ஏதோ தளர்ந்து கொடுத்தது. அதை நிம்மதி என்று உடனே அடையாளம் கண்டுகொண்டேன், கண்டுகொண்ட உடனேயே வெட்கமாகவும் இருந்தது. அப்படியானால் அண்ணாச்சி சொன்னது சரி. டிஸ்க் போய்விட்டது. ஒரு பாதி உண்மையென்றால் மறு பாதியும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும், டேங்க்கை மாற்றியது அவர்தான், சாமான்காரர் வந்தால் கொடுத்துவிடலாம். மணி இரண்டு நாற்பது. இத்தோடு எழுந்து கை கழுவியிருக்கலாம். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு நேர்மை காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மையில் நான் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் பக்கத்துத் திருகாணியைத் தேடிவிட்டது.

மந்திரமூர்த்தி என்று ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய வீட்டுக்குத்தான் அந்த டிராயிங். முதலில் மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் வடமேற்கில், மாடிப்படிக்கு மேல், நாலு தூண்களின் தலையில் இருந்தது. தாள் அச்சாகிப் போன பிறகு வாஸ்து பார்க்கிறவர் வந்து, மேல்நிலைத் தொட்டி கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் இது புதிதல்ல, அஸ்திவாரம் போட்ட பிறகு அடுப்படியைத் தூக்கி அக்னி மூலைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. மந்திரமூர்த்தி போன் செய்தார், டேங்க் தென்மேற்குக்குப் போனது. கம்ப்யூட்டரில் அது ஒரு நொடி வேலை. ஆனால் தென்மேற்கு மூலையில் கீழே தூணும் இல்லை, தாங்குகிற பீமும் இல்லை, வெறும் தளம். இடத்தை மாற்றியவன் அடியில் பீம் போட மறந்தான். கொத்தனார் திருத்திய தாளில் இருந்ததைக் கட்டினார். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் முதல் தடவையாக டேங்க்கில் தண்ணீர் ஏற்றினார்கள். நிரம்பி வரும்போது தளம் விட்டுக்கொடுத்தது. மேலே வால்வைப் பார்த்துக்கொண்டிருந்த பிளம்பர் இருதயராஜ் டேங்க்கோடு கீழே வந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இடத்தை மாற்றியவன் யார் என்று அச்சுத் தாளைப் பார்த்தால் தெரியாது, அச்சில் எல்லாம் கருப்பு. ஃபைலைப் பார்த்தால் தெரியும். ஏனென்றால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நான் போடுவதெல்லாம் பச்சை, அவர் போடுவதெல்லாம் மஞ்சள். என் பச்சையை அவர் சரிபார்த்தால் பக்கத்தில் மஞ்சளில் சின்னதாக ஒரு டிக் போடுவார். அவர் மஞ்சளுக்கு நான் பச்சையில் டிக் போடுவேன். டிக் விழாமல் எதுவும் அச்சுக்குப் போகக்கூடாது, அச்சடிக்கும்போது டிக்குகளை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் கருப்பாக்கிவிடுவோம். ஆகவே நான் அந்தப் பெட்டியைத் திறந்தது ஒரு நிறத்தைப் பார்ப்பதற்காக. டேங்க் மஞ்சள் என்றால் அண்ணாச்சி. பச்சை என்றால் நான். இது தெரிந்தேதான் பதினொரு வருடம் அதன் கீழே மல்லாந்து படுத்திருக்கிறேன்.

பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் உள்ளே எல்லாவற்றிலும் பொட்டு. ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி கம்ப்யூட்டரின் வெளிப்பக்கம் பொட்டு வைத்தால் போதாது என்பார். "வேல செய்யுது உள்ள இருக்கது. வெளிய வெறும் தகரம். தகரத்துக்கு எதுக்கு மரியாத?" என்று திறந்துவைத்து, மின்சாரப் பெட்டிக்கு ஒன்று, காற்றாடிக்கு ஒன்று, இரண்டு டிஸ்குக்கும் ஒவ்வொன்று என்று சந்தனமும் குங்குமமும் வைப்பார். நான் மின்சாரம் பாய்கிற இடத்தில் ஈரச் சந்தனம் வைக்காதீர்கள் என்பேன், அவர் விரலைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வைப்பார். அந்தச் சந்தனம் காய்ந்து செதில் செதிலாக நின்றது. குங்குமம் அரக்கு நிறமாகியிருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் டிஸ்கைத் தொட்டேன், உள்ளங்கையில் ஒரு சன்ன அதிர்வு. இரண்டாவதைத் தொட்டேன். ஒன்றும் இல்லை, குளிர்ந்த இரும்பு. நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி கிடைக்காதா என்று தேடுகிறவனுக்கும் கிடைத்துவிடக் கூடாதே என்று தேடுகிறவனுக்கும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இருவர் முகமும் ஒரே மாதிரி கவலையாகத்தான் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினேன். டிஸ்குக்கு வரும் கரண்ட் ஒயரின் முனை பாதி வெளியே வந்திருந்தது. பரணுக்கு ஏற்றியபோதோ இறக்கியபோதோ வந்திருக்கலாம். அல்லது யாராவது. அந்த 'யாராவது' என்பதில் அண்ணாச்சியின் தடித்த கட்டைவிரல் எனக்குத் தெரிந்தது, அதில் நகத்தோடு சேர்ந்த ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. ஒயரை அழுத்திச் செருகி மறுபடி போட்டேன். இந்தத் தடவை கைக்கடியில் அது முதலில் ஒரு சொடுக்குச் சொடுக்கியது, பிறகு மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. கையை எடுத்துவிட்டேன். மை கம்ப்யூட்டரில் அப்போதும் சி மட்டும்தான்.

இருதயராஜை நான் மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். ஊர் அப்படி. கூலக்கடை பஜாரில், ரேஷன் கடை வரிசையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடையில். ஊன்றுகோலை வலது பக்கம் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தரையிடம் அனுமதி கேட்பதுபோல ஒரு கணம் நின்று நடப்பார். இப்போது பைப் கடையில் உட்கார்ந்து பில் போடுகிறார். ஒரு நாள் டீக்கடையில் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி எப்படி இருக்காவ சார்? புளியங்குடில மக வீட்டோட போயிட்டாவளாமே." "நல்லாத்தான் இருக்காரு." "அவங்க மேல எனக்குக் கோவமெல்லாம் கிடையாது சார். ஆஸ்பத்திரிக்கு வந்து, நான்தான் செஞ்சேன்னு தலமாட்டுல நின்னு சொன்னாவ. யாரு சொல்லுவா? எஞ்சினியர் கொத்தனாரச் சொல்லுவாரு, கொத்தனாரு சிமெண்டச் சொல்லுவாரு. சிமெண்டு வந்து என்னத்தச் சொல்லும்?" சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் டீயைக் கீழே வைத்துவிட்டு, "இருந்தாலும் அவரு கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்" என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அந்த வாக்கியம் எதற்கு என்னிடமிருந்து வந்தது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். வீட்டுக்குள் ஒரு இடத்தில் கசிகிறது என்று தெரிந்தவன்தான் விருந்தாளியிடம் கூரை எவ்வளவு உறுதி என்று பேசுவான். இருதயராஜ் டம்ளரைக் காலி செய்தார். டீக்குக் காசை அவரே கொடுத்தார். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார், அந்தக் கனம் கொஞ்ச நேரம் தோளில் இருந்தது.

மூன்றரை மணிக்கு, கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே போனால் என்னென்ன டிஸ்க் இருக்கிறது என்று அதுவே ஒரு நீலப் பக்கத்தில் பட்டியல் காட்டும் என்பது ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர். ஆக இரண்டாவது சுழல்கிறது, ஆனால் சேதி வரவில்லை. சேதி வருவது சிவப்பு கேபிள் வழியாக. அதைக் கழற்றி விளக்கடியில் பிடித்தேன். டிஸ்கின் வாயில், அந்தச் சின்னப் பொன்னிறப் பற்களின் இடுக்கில், குங்குமம். ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தே விட்டேன். எல்லாம் இவ்வளவுதானா. பூஜை செய்ததில் போன டிஸ்க். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அவரே குங்குமம் வைத்து அவரே காணாமல் போக்கியிருக்கிறார், பாவம், அவருக்கே தெரியாது. இந்த முடிவு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால், அதை அடுப்படியில் இருந்த கோமுவிடம் சொல்லக்கூட எழுந்தேன். பாதி வழியில் நின்றேன். பூஜை அக்டோபரில். டேங்க் விழுந்தது ஜனவரியில். இடையில் மூன்று மாதம் அதே குங்குமத்தோடு அதே டிஸ்க் தினமும் வேலை செய்திருக்கிறது. நாங்கள் அதில் பதினைந்து வீடாவது வரைந்திருப்போம். குங்குமம் கட்டியானது பரணில், மழைக்காலங்களில். அதாவது இந்தக் கோளாறு டிஸ்க் காணாமல் போனதற்குப் பின்னால் வந்தது, அண்ணாச்சியின் வாக்கியத்துக்கும் பின்னால் வந்தது. மூன்றரை மணிக்குக் கிடைத்த முடிவு மூன்று நாற்பதுக்குக் கையை விட்டுப் போனது. மேசை இழுப்பறையில் படம் வரைகிற காலத்து அழிரப்பர் இருந்தது. அதைச் சீவிக் கூராக்கி அந்தப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். வாழ்க்கையில் நான் எதையும் இவ்வளவு மெதுவாகத் தேய்த்ததில்லை. சுத்தமாக்குகிறேனா, நேரத்தைப் போக்குகிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. ஊதினேன். கேபிளைப் பக்கத்துத் துளையில் மாற்றிச் செருகினேன். நீலப் பக்கத்தில் இப்போது இரண்டு பெயர்.

நேராக விண்டோஸுக்குள் போய் மை கம்ப்யூட்டரைத் திறந்தேன். சி மட்டும். இது எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, விண்டோஸுக்குத் தெரிகிறது என்று கீழ் மூலையில் ஒரு குறியும் வந்து போனது, ஆனால் டி இல்லை. போனில் தேடினேன். யாரோ ஒருவர் தலையில் தொப்பியோடு, "நண்பர்களே பதறாதீங்க, உங்க டிஸ்க் எங்கயும் போகல, உள்ளதான் இருக்கு" என்று ஆரம்பித்தார். அவரைப் பிடித்துப்போனது. அவர் சொன்னபடி போனால் டிஸ்குகளைப் பட்டை பட்டையாகக் காட்டுகிற ஒரு பக்கம் வந்தது. மேல் பட்டையில் சி என்று எழுதியிருந்தது. கீழே இன்னொரு பட்டை, நீளமாக, நல்ல நிலையில் இருக்கிறது என்ற குறிப்போடு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. தொப்பிக்காரர் சொன்னார், "இதுக்கு எழுத்து இல்லாததால உங்களுக்குக் காட்டல. நீங்களே எப்பவோ தெரியாம எடுத்துட்டிருப்பீங்க." எப்படி எடுப்பது என்றும் செய்து காட்டினார். வலது பக்கம் அழுத்தி, எழுத்தை மாற்று என்பதைத் தேர்ந்து, நீக்கு என்பதை அழுத்தினால், நிச்சயமாகவா என்று கேட்கும். ஆம் என்று சொல்ல வேண்டும். நான்கு அசைவுகள், கடைசியில் ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். கரண்ட் ஒயர் தானே நழுவும். குங்குமம் தானே கட்டியாகும். இது தானே ஆகாது என்று இல்லை, எதுவும் தானே ஆகலாம், ஆனால் நிச்சயமாகவா என்ற கேள்விக்குத் தானே யாரும் ஆம் சொல்வதில்லை. டிஸ்க் அன்றைக்குப் போகவே இல்லை. அண்ணாச்சி அதைக் கண்ணில் படாமல் வைத்தார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டதால் யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. விசாரிக்க வந்த நகராட்சி அதிகாரி திரையில் சி மட்டும் இருப்பதை எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

எதற்காக மறைத்தார்? மறைத்திருந்தால் இதற்காகத்தான் என்று பல வருடங்களாக நான் வைத்திருந்த பதில், டேங்க்கைவிடப் பெரிய தப்பு வேறு ஏதோ அந்த டிஸ்கில் இருந்திருக்க வேண்டும் என்பது. அந்தப் பதிலை நான் எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொள்வேன். லைசென்ஸ் போய் அவர் சிமெண்ட் கடையில் சீட்டு எழுதியபோது, வேறொரு எஞ்சினியரின் ஸ்டாம்புக்கு நான் படம் போட்டுக்கொண்டிருந்தபோது, கல்யாண வீடுகளில் அவர் மூட்டுவலியைப் பற்றியும் நான் சர்க்கரையைப் பற்றியும் பேசிக்கொண்டபோது, அந்தப் பதில் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டால் அவரை நிமிர்ந்து பார்க்கலாம். டி என்று எழுத்துக் கொடுத்தேன். கொடுத்த உடனே திரையில் வந்து நின்றது, வெளியூர் போய்வந்த ஆளைப்போல எந்த விளக்கமும் இல்லாமல். உள்ளே எங்கள் வீடுகள். பெயர் பெயராக. மந்திரமூர்த்தி வீடு, இரண்டாவது திருத்தம். கடைசியாகச் சேமித்த நாள் ஜனவரி இருபத்து மூன்று, காலை ஐந்து ஐம்பது. டேங்க் விழுந்த மறுநாள் விடியல். அப்போது நான் ஆஸ்பத்திரியில் இருதயராஜின் மனைவியோடு இருந்தேன். "கோமு" என்று கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்தாள். "டேங்க் விழுந்த மறுநாள் விடியக்காலம் அண்ணாச்சி இங்க வந்தாரா?" "வந்தாவளே. அவங்ககிட்டதான் ஒரு சாவி கிடந்துதே. நான் எந்திரிச்சு வந்து பாக்கேன், லைட்டுகூடப் போடாம இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்காவ. காப்பி குடுத்தேன். கைல வாங்குனாவ, குடிக்கல. அப்படியே ஆறிப்போயிட்டு." "என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு?" "எனக்கு என்ன தெரியும், அதையே பாத்துக்கிட்டு இருந்தாவ." "எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "நீங்க கேக்கலியே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். தெரியாத மாதிரி இருக்க விரும்புதியள்னும் நெனச்சேன்." பிறகு, "நாலரை ஆயிட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஃபைலைத் திறந்தேன். கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. சுவர்கள் மஞ்சள். கதவு ஜன்னல்கள் பச்சை. மாடிப்படி மஞ்சள். தென்மேற்கு மூலையில் டேங்க், பச்சை. எனக்கு அதிர்ச்சியாக இல்லை, அதுதான் எனக்கு அதிர்ச்சி. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அன்று மந்திரமூர்த்தி போன் செய்தது காலையிலா மாலையிலா, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டேங்க்கை நகர்த்தியதாக எனக்கு இருக்கும் ஞாபகம் அந்த வீட்டுடையதா வேறு வீட்டுடையதா என்று இத்தனை காலம் என்னை நானே குழப்பிக்கொண்டிருந்தது, குழப்பம் தீர அல்ல, தீராமல் இருக்க. ஒரு அற்ப யோசனையும் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். அந்த விடியலில் அவர் மஞ்சள் டேங்க்கைப் பச்சையாக்கியிருக்கலாமே என்று. ஆக்கியவர் ஏன் மறைக்க வேண்டும், எல்லோருக்கும் காட்டியிருப்பாரே. அந்த யோசனை வந்த வேகத்திலேயே போனது, ஆனால் வந்தது. கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கினேன். டேங்க்கின் வலது மேல் முனையில், அவர் எப்போதும் போடுகிற இடத்தில், சின்னதாக மஞ்சள் டிக்.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. டிக் அச்சுக்கு முன்னாலேயே விழுந்தது என்றால், அவர் என் டேங்க்கைப் பார்த்தார், அடியில் பீம் இல்லாததைப் பார்க்காமல் சரி என்று போட்டார். தப்பில் பாதி அவருடையது, அவர் சொன்ன வாக்கியமும் பாதி மெய். விடியலில் வந்து பார்த்து, தன் டிக்கைக் கண்டு, ரெண்டு பேர் மாட்டுவதற்கு ஒருத்தன் போதும் என்று நினைத்திருக்கலாம். டேங்க் விழுந்த பிறகு போட்ட டிக் என்றால், அவர் அந்த டேங்க்கை அதற்கு முன் பார்த்ததே இல்லை. சரிபார்க்காமலேயே நான் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த ஸ்டூலில் இருட்டில் உட்கார்ந்து, என் பச்சைக்குப் பக்கத்தில் தனக்கு ஒரு பங்கை எழுதிக்கொண்டிருக்கிறார், காப்பி ஆறியிருக்கிறது, அப்புறம் அந்தப் பங்கும் என்னைக் காப்பாற்றாது என்று கண்டு, எழுத்தை நீக்கு என்பதை அழுத்தி, நிச்சயமாகவா என்று கேட்டதற்கு ஆம் என்றிருக்கிறார். சேமித்த நேரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அண்ணாச்சிக்கு எந்த ஃபைலைத் திறந்தாலும், ஒரு கோடு தொடாவிட்டாலும், சேமித்துவிட்டுத்தான் மூடுவது வழக்கம். நான் முன்னதையே விரும்பினேன். பாதியாவது அவருடையதாக இருக்கட்டும் என்று, அறுபத்திரண்டு வயதில் மகள் வீட்டு மாடி அறையில் இருக்கிற மனிதரிடம் இன்னும் பாதியைக் கொடுத்து வைக்க விரும்பினேன். தெருவில் சாமான்காரரின் வண்டிச் சத்தம் கேட்டது. கோமு வாசலில் அவரிடம் டேபிள் ஃபேனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "என்ன தம்பி, ஞாயித்துக்கிழம சாயங்காலம்? அங்க சாரல் விழுதா?" என்றார். "விழுது அண்ணாச்சி." "இங்க ஒரு சொட்டு இல்ல. காத்து மட்டும் வந்து ஏமாத்திட்டுப் போவுது. சக்கர எவ்வளவு இருக்கு?" "நூத்தி எழுவது." "மாத்திரய மாத்தச் சொல்லு." நான் சொன்னேன், "பழைய கம்ப்யூட்டரப் போட்டுப் பாத்தேன்." அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் அடித்தது, ஒரு குழந்தை யாரையோ மிரட்டியது. "ஓடுதா?" என்றார். "ஓடுது." "நல்ல மிஷினுல்லா அது." "டி வந்துட்டு அண்ணாச்சி." கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது, குழந்தையின் குரல் மறைந்தது.  "வந்தா என்ன," என்றார் மெதுவாக, "வந்தது வந்தபடி இருக்கட்டும். அதையெல்லாம் இப்ப எதுக்குப் பாத்துக்கிட்டு இருக்க? சாமான்காரன் எவனும் வந்தாத் தூக்கிக் குடு." ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்க நினைத்திருந்தேன். அது என் தப்பு என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா என்று கேட்க நினைத்திருந்தேன். அவற்றுக்கெல்லாம் என்னிடமே பதில் இருந்தது. என்னிடம் இல்லாதது ஒன்றுதான். மறுநாள் காலை இருதயராஜின் பைப் கடைக்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே எவ்வளவைச் சொல்வது என்று தெரியாமல் போக முடியாது.

"அண்ணாச்சி, டேங்க் பக்கத்துல மஞ்சள்ல ஒரு டிக் இருக்கு," என்றேன். "அத நீங்க டேங்க் விழுறதுக்கு முன்னால போட்டியளா, விழுந்த பொறவு போட்டியளா?"